கவிதாவை ஏரிக்கரையில் இரண்டு முறை அழைத்தோம்

பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். காய்கறிக் கடையில், ரேஷன் கடை வரிசையில், ஷேர் ஆட்டோவில். "என்ன கற்பகம், உடம்பு தேறிடுச்சே, என்ன பண்ணே?" தைராய்டு என்று சொன்னால், "அதில்லம்மா, அந்த ஏரிக்கரை விஷயம்" என்று கிட்டே வந்து குரலைத் தாழ்த்துகிறார்கள். ஏரிக்கரையைச் சொன்னால், "அப்புறம் மாத்திரை எதுக்கு?" என்கிறார்கள். பாதிக் கதையை இவரிடமும் மீதியை அவரிடமும் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. அதனால் முழுசாக எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு யாரும் என்னைத் தெருவில் நிறுத்தி வைக்க வேண்டாம்.

என் மகள் கவிதா பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கும்போது மூளைக் காய்ச்சலில் போய்விட்டாள். திங்கட்கிழமை தலைவலி என்றாள். அந்த வாரம் முடியவில்லை. ஐசியூவில் என்னை உள்ளே விட்ட ஒரே தடவை, கண்ணைத் திறந்து, "வீட்டுக்குப் போகலாம்மா" என்றாள். நான், "நாளைக்குப் போகலாம்டி" என்றேன். அவள் வீட்டுக்கு வந்தாள்தான். அதை வந்தது என்று நான் கணக்கில் சேர்க்கவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அவள் பேரை எடுக்கவில்லை. அந்தச் சட்டத்தைப் போட்டது நான்தான். போட்டோவுக்கு மாலை போட வந்தவர்களைத் தடுத்துவிட்டேன். மாலை போட்டால் சாமி ஆகிவிடுவாள், எனக்குச் சாமி வேண்டாம், மகள்தான் வேண்டும் என்றேன். என் வீட்டுக்காரர் ஏழுமலைக்குச் சொந்தமாக நிலம் இருந்து, அது மனைகளாகிப் போன பிறகு, வேளச்சேரி சாலையில் மணல், ஜல்லி, சிமெண்ட் கடை வைத்திருக்கிறார். மனுஷன் பேசுவதே குறைவு. சட்டம் போட்டதும் அதுவும் குறைந்துபோனது. மகன் சரவணன் அப்பாவைக் கொண்டவன். ஆக, மூன்று பேரும் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டோம். உட்கார்ந்து என்பது அவர்கள் இருவருக்கும் பொருந்தும். நான் நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

ஏனென்றால் என்னால் உட்கார முடியவில்லை. ஒரு வாய் போட்டால் எழுந்து கேஸை மூடினேனா என்று பார்ப்பேன். பார்த்துவிட்டு மாடிக்குப் போய்க் காய்ந்த துணியை எடுப்பேன், காயாததையும் சேர்த்து எடுப்பேன். கை நடுங்கும். காபி டம்ளரைக் கொடுத்தால் வாங்குகிறவர் சட்டையில் கொஞ்சம் போகும். மார்கழிக் காலையிலும் வேர்த்துக் கொட்டும். அகோரப் பசி பசிக்கும், தின்பேன், ஆனாலும் ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆனது. தூக்கம் என்பது சுத்தமாக இல்லை. நெஞ்சு மட்டும் எதற்கோ ஓடிக்கொண்டே இருக்கும்.

யாரும் இதை நோய் என்று நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. பெற்ற வயிறு, அப்படித்தான் இருக்கும் என்றார்கள். அதில் எனக்கு ஒரு பிடிவாதமான திருப்தியும் இருந்தது. மற்றவர்கள் எல்லாம் மறந்துவிட்டுச் சோறு தின்கிறார்கள், என் உடம்பாவது அவளுக்காக நடுங்குகிறது என்று.

சரவணனுக்குப் பெண் அமைந்தது. உடனே என் நாத்தனார் சாந்தா பெருங்களத்தூரிலிருந்து வந்து நின்றாள். "அண்ணி, பூவாடை அழைக்காம வீட்டுல கல்யாணம் பண்ணக் கூடாது. கன்னியாப் போன பொண்ணு. அவள விட்டுட்டு அண்ணனுக்கு மட்டும் மேளம் கொட்டுனா அவ மனசு என்ன பாடுபடும்?"

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் குடும்பத்தில் செத்துப்போன பெண்ணைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவோம். கல்யாணத்துக்கு முன்னால் குளத்தங்கரையிலோ ஏரிக்கரையிலோ மஞ்சள் பூசிய செங்கல் வைத்து, புதுத்துணியும் பூவும் வைத்து, பம்பை மேளம் அடித்து அவளை அழைப்போம். அவள் குடும்பத்தில் யார் மேலாவது வந்து பேசுவாள். என்ன குறை, என்ன வேண்டும் என்று சொல்லுவாள். பிறகு ஏரித் தண்ணீரைச் சொம்பில் மொண்டு, அதில் அவளை ஏற்றி வீட்டுக்கு அழைத்து வந்து படையல் போடுவோம். அதற்குப் பிறகுதான் பந்தக்கால்.

நான் வேண்டாம் என்றேன். சாந்தா அழுதாள். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குத்தான் ஒத்துக்கொண்டேன்.

அழைப்பு நாளன்று எனக்கு ஏற்கெனவே காய்ச்சலும் தொண்டை வலியும் இருந்தது. தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு செம்பாக்கம் ஏரிக்கரையில் நின்றேன். எதிர்க்கரையில் புது அடுக்குமாடி வீடுகள், பால்கனிகளில் துணி. பம்பைக்காரர் வயதானவர், கண்ணை மூடிக்கொண்டு அவளை வர்ணித்துப் பாட ஆரம்பித்தார். பம்பைச் சத்தம் ஏற ஏற என் நெஞ்சு அதற்கு மேல் ஏறியது. கை நடுங்கியது, பிறகு தோள், பிறகு தாடை. யாரோ என் தலைமுடியை அவிழ்த்துவிட்டார்கள். "வந்துட்டா! அண்ணி மேலயே வந்துட்டா!" என்று சாந்தா கத்தியது கேட்டது.

பம்பைக்காரர் என் முன்னால் வந்து, "யாரும்மா வந்திருக்கே? வாய் தொறந்து சொல்லும்மா" என்றார்.

என் வாயிலிருந்து, "வீட்டுக்குப் போகலாம்மா" என்று வந்தது.

ஐசியூவில் கவிதா சொன்ன அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரரிடம்கூட. அதைக் கேட்டுக் கரையே ஓவென்று அழுததாகப் பிற்பாடு சொன்னார்கள். எனக்கு அதற்கு மேல் நினைவில்லை. நான் விழுந்துவிட்டேன். சாந்தா விபூதி பூச வந்தாளாம். சரவணன்தான் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அத்தை, தள்ளுங்க, நெருப்பா கொதிக்குது" என்று என்னைத் தூக்கி, மணல் ஏற்றும் குட்டி லாரியின் முன் சீட்டில் போட்டுத் தாம்பரத்துக்குக் கொண்டுபோனான். பொங்கல் நேரத்துக் கூட்டம், வழியெல்லாம் கரும்பு வண்டி. ஹாரனில் வைத்த கையை அவன் எடுக்கவேயில்லையாம்.

கண் விழித்தபோது ஐசியூ. வேறு ஆஸ்பத்திரிதான். ஆனால் சத்தம் ஒன்றே. அந்த மானிட்டரின் பீப், கண்ணாடிக் கதவு, சலவை செய்த துணியின் மருந்து வாசனை. கவிதாவின் கட்டிலில்தான் நான் படுத்திருக்கிறேன் என்று நினைத்தேன். எழுந்து போகப் பார்த்தேன். இரண்டு நர்ஸ்கள் அழுத்திப் பிடித்தார்கள். அவர்கள் கையில் என் நகம் பட்டது இன்னும் எனக்கு வருத்தம்.

மறுநாள் வந்த டாக்டரம்மாவுக்குச் சின்ன வயசு, பேச்சில் நிதானம். கழுத்தைத் தடவிப் பார்த்தார், கையை நீட்டச் சொல்லி விரல்கள் மேல் ஒரு காகிதத்தை வைத்தார். காகிதம் படபடவென்று ஆடியது.

"எவ்வளவு நாளா இப்படி?"

"பொண்ணு போனதிலேர்ந்து."

அவர் காகிதத்தை எடுத்து மடித்தார். பிறகு சொன்னார்: "அம்மா, இது துக்கத்தால வர்ற நடுக்கம் இல்ல. தைராய்டு."

கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி ஒரு சுரப்பி இருக்கிறதாம். உடம்பு எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறதாம். எனக்கு அது தறிகெட்டுச் சுரந்திருக்கிறது. "வண்டில ஆக்சிலேட்டர யாரோ மிதிச்சுகிட்டே இருந்தா எப்படி இருக்கும்? அதான் பசி, வேர்வை, தூக்கமின்மை, கோபம், எல்லாம்." கோபம் என்றதும் வெளியே நின்ற சரவணன் தலையை ஆட்டியது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அதோடு காய்ச்சலும் சேர்ந்ததில் சுரப்பு ஒரேயடியாகப் பொங்கிவிட்டது, இதை டாக்டர்கள் தைராய்டு புயல் என்பார்கள் என்றார். இதயத்தின் மேல் அறைகள் ஒழுங்காகத் துடிக்காமல் வெறுமனே துடிதுடித்துக்கொண்டிருந்தன. அழைத்து வர இன்னும் தாமதமாகியிருந்தால் பேச்சே இருந்திருக்காது.

டிஎஸ்ஹெச் என்று ஒரு ரத்தப் பரிசோதனை. மூளைக்கு அடியிலிருந்து தைராய்டுக்குப் போகும் உத்தரவு அது. தைராய்டு தானாகவே அதிகம் வேலை செய்தால் மேலிடம் உத்தரவு போடுவதை நிறுத்திவிடும். என் ரத்தத்தில் அந்த உத்தரவு கிட்டத்தட்ட இல்லை. பிறகு எக்கோ, அதாவது இதயத்தை ஒலியால் படம் பிடிப்பது. பிறகு கழுத்துக்கு ஸ்கேன். ஸ்கேன் அறைக்கு வெளியே இரும்பு நாற்காலியில் காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருக்க முடிந்தால் நான் ஏன் ஆஸ்பத்திரிக்கு வருகிறேன்? சக்கர நாற்காலியை நானே முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டிருந்தேன். "அம்மா, ஆடாதீங்க" என்று ஸ்கேன் எடுப்பவர் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனார்.

ஆனால் என் மண்டைக்குள் ஓடியது வேறு. நடுங்கியது தைராய்டு என்றால், ஏரிக்கரையில் வந்தது யார்? வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னது கவிதாவா, காய்ச்சலா? கவிதா என்றால் அவள் ஒரு தடவையாவது என்னிடம் திரும்பி வந்திருக்கிறாள். காய்ச்சல் என்றால் நான் அவளை இரண்டாம் தடவையும் இழந்தாயிற்று. இதை யாரிடம் கேட்பது? எந்த லேபில் இதற்கு ரத்தம் எடுப்பார்கள்?

பொது வார்டுக்கு மாற்றினார்கள். பெண்கள் வார்டு. என் பக்கத்துக் கட்டில் பஞ்சவர்ணம். கடற்கரைக் குப்பத்துக்காரி, மேடவாக்கம் கூட்டுச் சாலையில் கூடை வைத்து மீன் விற்கிறவள். சர்க்கரை நோயில் காலில் புண். ஒரு காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு, பகல் முழுக்கப் பேசினாள். சாப்பாடு ஆனதும் வார்டு கொஞ்சம் அடங்கும் அல்லவா, அப்போதுதான் அவளுக்கு உற்சாகம் வரும். கட்டுமரத்தில் போய்த் திரும்பி வராத தன் புருஷன் கதையை ஆரம்பிப்பாள்.

"எம் மனுஷன் இன்னா ஒசரம் தெரியுமா? இந்த ஃபேன தொட்டுடுவான். அன்னிக்கு நீலச் சட்ட போட்டுகினு போனான். 'வர்றப்ப உனக்கு வவ்வா மீனு எடுத்தாறேன்'னு சொல்லிகினே போனான். சொன்னவன் போய்ட்டான், வவ்வாலும் போய்டுச்சு."

மறுநாளும் அதே கதை. ஆனால் சட்டை பச்சையாகிவிட்டது, மீன் வஞ்சிரமாகிவிட்டது. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"நேத்து நீலச் சட்டைன்னு சொன்னியே?"

"இன்னா கலரா இருந்தா உனக்கு இன்னாமே? எனக்கே மறந்துட்சு. பத்து வருசமா சொல்லிகினு கீறேன், சட்ட வெளுக்காதா?" என்று அவளே சிரித்தாள். "ஆடிக்கு ஆடி சட்டையும் பீடிக்கட்டும் வச்சிப் படைப்பேன். மறுநாள் பாத்தா பீடி அப்பிடியே கீது. நானே குடிச்சிடுவேன்."

செத்தவனைப் பற்றி இப்படியா பேசுவது என்று நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். எரிச்சலுக்குக் காரணம் சட்டை இல்லை. அவள் பத்து வருஷமாகச் சொல்கிறாள், நான் இரண்டு வருஷத்தில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கவிதா கடைசியாகக் காலேஜுக்குப் போட்டுக்கொண்டு போன சுடிதார் என்ன நிறம் என்று யோசித்தேன். வரவில்லை. திரும்பத் திரும்ப யோசித்தும் வரவில்லை. அப்போது பிடித்த பயம் எந்தப் புயலிலும் என்னைப் பிடித்ததில்லை.

அன்று பார்த்து சாந்தா விபூதிப் பொட்டலத்தோடு வந்தாள். ஹார்லிக்ஸும் ஆரஞ்சும் கொண்டுவந்து, முகம் துடைத்துவிட்டு, தலை வாரிப் பின்னிவிட்டாள். அந்தக் குணத்தில் அவளைக் குறை சொல்ல முடியாது. பின்னிக்கொண்டே காதருகில் சொன்னாள்: "அண்ணி, அழைப்பு பாதில நின்னுபோச்சு. பொண்ணு ஏரிக்கும் வீட்டுக்கும் நடுவுல நிக்கிறா. கல்யாணத்துக்கு முன்னாடி மறுபடியும் அழைக்கணும். உங்க மேலதானே வந்தா? இந்த மாத்திரையில நடுக்கமே நின்னுபோயிட்டா, அவ யார் மேல வருவா?"

அவள் போய்விட்டாள். வார்த்தை போகவில்லை. பாதி வழியில் நிற்கிறாள். மகள் கல்யாணமாகாதவள், வெயிலில், ஏரிக்கரை ரோட்டில், பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி.

எனக்கு இரண்டு வகை மாத்திரை கொடுத்தார்கள். ஒன்று கார்பிமசோல், சுரப்பைக் குறைப்பது, வேலை செய்ய வாரங்கள் ஆகும். இன்னொன்று ப்ரொப்ரனலால், படபடப்பையும் நடுக்கத்தையும் உடனே அடக்குவது. எது எந்த நிறம் என்று நர்ஸிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எவ்வளவு பொறுப்பான நோயாளி என்று அவள் பாராட்டினாள். அதற்குப் பிறகு நடுக்க மாத்திரையை நாக்கடியில் ஒதுக்கி, அவள் நகர்ந்ததும் எடுத்துத் தலையணை உறைக்குள் தள்ளினேன்.

நடுக்கம் திரும்பி வந்தது. மெல்ல விரலில், பிறகு கையில். நெஞ்சு ஓடத் தொடங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டு, வாடி, வாடி என்று மனசுக்குள் கூப்பிட்டேன். உடம்பெல்லாம் ஆடியது. யாரும் வரவில்லை. பயமும் வேர்வையும்தான் வந்தன.

"ஏ சிஸ்டரு! ஓடியா! இந்தம்மா மாத்திரைய தலகாணிக்கு ஊட்டிகினு கீது!" என்று பஞ்சவர்ணம் போட்ட கூச்சலில் வார்டே எழுந்து உட்கார்ந்தது.

டாக்டரம்மா வந்தார். ஈசிஜி எடுத்தார்கள், ஊசி போட்டார்கள். நெஞ்சு அடங்கும்வரை அவர் என் மணிக்கட்டை விடவில்லை. பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஏன்மா?" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஏரிக்கரை, பம்பை, அந்த வார்த்தை, பாதி வழி. கடைசியில் கேட்டேன்: "அன்னிக்குப் பேசினது யாரு டாக்டர்?"

"எனக்குத் தெரிஞ்சது தைராய்டு மட்டும்தான்மா. நடுங்கினது ஏன்னு என்னால சொல்ல முடியும். பேசினது யாருன்னு நான் படிச்சதுல இல்ல." எழுந்துகொண்டே, "ஆனா ஒண்ணு சொல்றேன். இன்னொரு தடவை இப்படி ஓடினா அந்த இதயம் நின்னுடலாம். பையன் கல்யாணத்துல நீங்க மேடைல இருக்கணுமா, போட்டோல இருக்கணுமா? முடிவு பண்ணிக்கோங்க" என்றார்.

சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் என் வீட்டுக்காரர் ரசம் சாதம் கொண்டுவந்தார். செய்தி அவருக்கு ஏற்கெனவே போயிருந்தது. திட்டுவார் என்று பார்த்தேன். டிபன் பாக்ஸைத் திறக்காமலே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு, "நான் ஒண்ணு சொல்லட்டுமா? நீ கோவிச்சுக்கக் கூடாது" என்றார்.

"சொல்லுங்க."

"கவிதா காலேஜ் விட்டு வர்றப்ப கடைல இறங்கிடுவா. பக்கத்துத் தள்ளுவண்டில ரெண்டு உருளைக்கிழங்கு போண்டா. தினமும். மஞ்சக்காமாலை வந்ததுலேர்ந்து வெளிய திங்கக் கூடாதுன்னு நீ சொல்லியிருந்தே இல்ல, அதனால உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு கைல அடிச்சு சத்தியம் வாங்கினா. வீட்டுக்கு வந்து நீ குடுக்குற டிபனையும் சாப்பிடுவா, உனக்குச் சந்தேகம் வரக் கூடாதுன்னு."

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவர் வாயில் அவள் பெயர். எனக்கு முதலில் வந்தது கோபம்தான், பொய் சொல்ல மாட்டேன். அப்பாவும் பெண்ணும் சேர்ந்து என்னை ஏமாற்றியிருக்கிறார்கள். அதனால்தான் அவள் இரண்டு தோசைக்கு மேல் போகவில்லை, அதற்கு நான் சட்னியை மாற்றி மாற்றி அரைத்தேன்!

"இப்பவும்" என்று அவர் நிறுத்தினார். "இப்பவும் அந்த வண்டிக்காரன் சாயங்காலமானா ரெண்டு போண்டா மடிச்சு மேஜைல வச்சிட்டுப் போறான். வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல."

"நீங்க என்ன பண்றீங்க?"

"சாப்பிடுறேன்."

நான் சிரித்துவிட்டேன். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே ஆரம்பித்தது என்று தெரியவில்லை. அவரும் அழுதார், டிபன் பாக்ஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. அவள் போன நாளில்கூட நாங்கள் சேர்ந்து அழுததில்லை. பஞ்சவர்ணம் அதிசயமாக வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சாப்பாடு ஆனதும் பஞ்சவர்ணம் புருஷனை ஆரம்பிப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "எம் பொண்ணு இருந்தாளே" என்றேன். குரல் எனக்கே புதுசாக இருந்தது. போண்டாக் கதையைச் சொன்னேன். எதிர்க் கட்டிலில் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் செய்துகொண்டவள் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அவளும், சின்ன வயதிலேயே செத்துப்போன தன் தங்கையைப் பற்றிச் சொன்னாள். ஒருவர் சொன்னதும் இன்னொருவருக்கு வாய் திறந்தது. நர்ஸ்கூட மருந்துத் தட்டோடு நின்று கேட்டாள். அன்றைக்கு என் மாத்திரைகளை எல்லோர் கண் முன்னாலும் விழுங்கி வாயைத் திறந்து காட்டினேன். பஞ்சவர்ணம்தான் நாக்கைத் தூக்கச் சொன்னாள்.

சரவணன் வந்தான். அவனிடம் கேட்டேன், "கவிதா கடைசியா போட்ட சுடிதார் என்னடா கலரு?" அவன் முகம் வெளுத்தது. பிறகு மெதுவாக, "மாம்பழக் கலரும்மா. கைமுட்டிகிட்ட தச்சிருக்கும்" என்றான். ஏன் தைத்திருந்தது தெரியுமா? அண்ணன் பைக்கை ஏரிக்கரையில் ஓட்டிப் பார்த்து விழுந்திருக்கிறாள். என்னிடம் பாத்ரூமில் வழுக்கியதாகச் சொன்னாள். அடிப்பாவி. நானும் நம்பி, பாத்ரூமைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தேன்.

வீட்டுக்கு அனுப்பினார்கள். பில்லை என் வீட்டுக்காரர் என் கண்ணில் காட்டாமல் கட்டினார். தொண்டை வலியோ காய்ச்சலோ வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளாமல் வரவேண்டும், கார்பிமசோல் சிலருக்கு ரத்தத்தின் வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடும் என்று டாக்டரம்மா எச்சரித்தார். பஞ்சவர்ணம் கையைப் பிடித்துக்கொண்டு, "உம் பொண்ணு கதைய மார்க்கெட்ல சொல்லுவேன்" என்றாள்.

"சொல்லு. போண்டாவ பஜ்ஜியாக்கிடாத" என்றேன்.

வாரங்கள் போகப் போகக் கை அடங்கியது. ஊசியில் நூல் கோர்த்துப் பார்த்தேன், கோர்த்தது. உட்கார்ந்து சாப்பிட்டேன். அது எனக்கு நிம்மதியாக இல்லை. கல்யாண நாள் நெருங்கியது. நடுக்கம் நின்றுவிட்ட உடம்பை வைத்துக்கொண்டு அவளை எப்படிக் கூப்பிடுவது என்ற தவிப்பு உள்ளே சுற்றிக்கொண்டே இருந்தது. சாந்தாவிடம் நானே போன் செய்து, "அழைப்பு வச்சிடலாம்" என்றேன். ஒன்று மட்டும் மாற்றினேன். சாந்தா வாங்கியிருந்த பட்டுப்பாவாடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மாம்பழக் கலரில் சுடிதார் வாங்கினேன். "சாமிக்கு யாராவது சுடிதார் வைப்பாங்களா?" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அதே கரை, அதே பம்பைக்காரர். காலை வெயில். அவர் வர்ணித்தார், பம்பை ஏறியது. நான் ஈரப் புடவையோடு நின்று, நர்ஸ் கற்றுக்கொடுத்தபடி மணிக்கட்டில் விரலை வைத்துப் பார்த்தேன். நாடி ஒழுங்காக அடித்தது. கை ஆடவில்லை. பம்பை நின்றது, மறுபடி ஏறியது. யாரும் ஆடவில்லை. சாந்தா இரண்டு தடவை தோளைக் குலுக்கிப் பார்த்தாள். நான் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டாள்.

பம்பைக்காரர் வேர்வையைத் துடைத்தார். "யார் மேல வந்திருக்கேம்மா? வாய் தொறந்து சொல்லும்மா" என்று மூன்றாம் முறை கேட்டார். பதில் இல்லை. தண்ணீரில் கொக்கு ஒன்று காலை மாற்றி வைத்தது. அவர் சரவணனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இந்த மாத்திரையை விழுங்கி விழுங்கி நான் அவளைப் பாதி வழியிலேயே நிறுத்திவிட்டேனா?

வாய் தானாகத் திறக்கவில்லை. நான்தான் திறந்தேன்.

"அவளுக்குப் போண்டான்னா உயிர்" என்றேன்.

பம்பைக்காரர் விழித்தார். நான் நிறுத்தவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். போண்டா, சத்தியம், இரண்டு தோசை. "ரெண்டு இல்ல, சில நாள் மூணு போண்டா" என்றார் என் வீட்டுக்காரர். "பைக்குல ரெண்டாவது கியர்லேர்ந்து மாத்தவே மாட்டா" என்றான் சரவணன், "அதோ, அந்தப் பனைமரத்துகிட்டதான் விழுந்தா." எல்லோரும் பனைமரத்தைப் பார்த்தோம். சாந்தாவுக்கும் பொறுக்கவில்லை. "என் கல்யாணப் புடவைல மசிய கொட்டிட்டு, பூனை மேல பழி போட்டாளே, அத விட்டுட்டீங்களே!" என்றாள். எங்கள் வீட்டில் பூனையே கிடையாது. கரையில் நின்று சிரித்தோம். அழுதுகொண்டேதான், ஆனாலும் சிரித்தோம்.

பம்பைக்காரர் பம்பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தார். "நாப்பது வருசமா அழைக்கிறேன், குடும்பமே நின்னு சிரிச்சு நான் பாத்ததில்ல" என்றார். பிறகு தயக்கமாக, "ஆனா அம்மா, அவ வந்து உத்தரவு குடுக்கணுமே. 'வீட்டுக்குப் போலாம்'னு ஒரு வார்த்த சொல்லணும். அப்பதான் கலசம் தூக்கலாம். அதான் மொற" என்றார்.

நான் ஏரியில் இறங்கினேன். சொம்பை அமுக்கி விளிம்புவரை மொண்டேன், வேப்பிலையும் மல்லியும் வைத்தேன். இரண்டு கையாலும் தூக்கினேன். தண்ணீர் தளும்பவில்லை.

"வாடி, வீட்டுக்குப் போகலாம்" என்றேன்.

இந்த முறை சொன்னது நான்தான்.